‘நீ மொதல்ல விடு’ என்பதை விடுவோம்!



போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். செண்டாயான் பக்கத்தில் உள்ள எங்கள் மருந்தகத்துக்கு ஒரு தம்பதி நான்கு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பையனுக்கு இழுப்பு. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. ஆவி மருந்து வைத்து, பையன் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட ஆரம்பித்ததும் அந்த அம்மா சொன்னார்: “டிரஸர் ஐயா, இவருகிட்ட நீங்களாவது சொல்லுங்க. வீட்டுக்குள்ளயே ஊதித் தள்றாரு. புள்ளைக்கு எப்படி நல்லாகும்?”

கணவர் விடவில்லை. “என்னையே சொல்லுங்க! இவ வாயில எப்பப் பாரு பொயல. அத மொதல்ல துப்பச் சொல்லுங்க ஐயா. அப்புறம் நான் விடுறேன்.”

உடனே அந்த அம்மா, “நீங்க மொதல்ல விடுங்க!” என்றார்.

நான் இருவரையும் பார்த்தேன். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இந்த ‘நீ மொதல்ல’ என்ற சண்டையில் ஜெயித்தது யார்? கணவரும் இல்லை, மனைவியும் இல்லை. புகையிலைதான் ஜெயித்தது. தோற்றது மூச்சுக்குத் தவித்த அந்தப் பிள்ளை.

இந்தச் சண்டை நம் லயத்தில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். ஆகவே இந்த இதழில் கணவனும் மனைவியும் சேர்ந்து புகையிலையை விடுவது எப்படி, விட்ட பிறகு வீட்டில் ஊறிக் கிடக்கும் பழைய புகையைக் கழுவி எடுப்பது எப்படி என்று பார்ப்போம். வீட்டில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டுகிறேன். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரே செடி, இரண்டு வழி

நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தபோது வெற்றிலை பாக்குப் பழக்கமும் சுருட்டுப் பழக்கமும் கூடவே வந்தன. விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றோடு நிரைக்குப் போய், கொசுக்கடியில் பால் வெட்டியவர்கள் அவர்கள். ‘பசி தெரியாது’ என்று பெண்கள் புகையிலையைக் கன்னத்தில் அடக்கினார்கள். ‘கொசு அண்டாது’ என்று ஆண்கள் பீடியும் சுருட்டும் பற்ற வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் பட்ட பாடு அப்படி. அதில் என்ன கேடு இருக்கிறது என்று அன்று அவர்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

இன்று நிலைமை வேறு. பால்மரம் போய் செம்பனை வந்தது. செண்டாயானில் செம்பனையும் போய், தோட்டம் இருந்த இடத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று புதிய நகரமே எழுந்துவிட்டது. லயத்திலிருந்து பலர் தரை வீட்டுக்கும் அடுக்கு மாடிக்கும் போய்விட்டார்கள். ஆனால் சுருக்குப் பையும் சிகரெட்டுப் பெட்டியும் மட்டும் மறக்காமல் கூடவே குடிபோயிருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணவர் ஊதும் வெண்சுருட்டும், மனைவி வெற்றிலையில் வைத்து மெல்லும் புகையிலையும் ஒரே செடிதான். இரண்டிலும் நிக்கோட்டின் இருக்கிறது. ஆளை அடிமையாக்குவது இந்த நிக்கோட்டின். ஊதினால் சில வினாடிகளில் மூளைக்குப் போகிறது. மென்றால் கன்னத்துத் தோல் வழியாக மெதுவாகப் போகிறது. வழிதான் வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று. ஆகவே ‘நான் ஊதுவதில்லை, சும்மா மெல்லத்தான் செய்கிறேன்’ என்று தாய்மார்கள் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

புகை செய்யும் வேலை

சிகரெட்டுப் புகையில் 7,000-க்கும் அதிகமான இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றில் எழுபது வரை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தார் நுரையீரலில் படிகிறது. மோட்டார் வண்டிப் புகையில் உள்ள அதே கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் கலந்து, பிராணவாயு போக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் புகைப்பவர் குலையைத் தூக்கிக்கொண்டு ஒரு மேடு ஏறினாலே மூச்சு வாங்குகிறார்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1951-ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண் டாக்டர்களை ஐம்பது ஆண்டு காலம் கவனித்து வந்தார்கள். 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். அதிலேயே ஒரு நல்ல சேதியும் உண்டு. 60 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய 3 ஆண்டையும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டையும் திரும்பப் பெற்றார்கள். 30 வயதில் விட்டவர்களுக்குப் பத்து ஆண்டும் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. ‘இனிமே விட்டு என்னாகப் போவுது’ என்று சொல்லும் பெரியவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

புகைக்காத மனைவிக்கு என்ன ஆகிறது? ஜப்பானில் தாக்கேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர் புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-இல் முடிவைச் சொன்னார். கணவர் அதிகமாகப் புகைத்த வீடுகளில், தாமே ஒரு சிகரெட்டையும் தொடாத மனைவிக்கு, புகைக்காத கணவரின் மனைவியைவிட நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. உலகம் முழுவதும் மருத்துவர்களைத் திடுக்கிட வைத்த செய்தி இது. ‘என் காசு, என் நெஞ்சு, நான் ஊதுறேன்’ என்று ஒரு குடும்பஸ்தர் சொல்ல முடியாது என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது.

பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய மூச்சுக் குழாய் சிறியது, அவர்கள் மூச்சு விடும் வேகமும் அதிகம். புகை வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இழுப்பு, சளிக் காய்ச்சல், காதில் சீழ் ஆகியவை அதிகம் வருகின்றன. கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. கர்ப்பிணித் தாய் புகைத்தாலும் சரி, புகையிலை மென்றாலும் சரி, குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

என் தாயாரின் கதை

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். காலை நான்கு மணிக்கு எழுந்ததும் முதல் வேலை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வது. என் தகப்பனார் நாளுக்கு ஒரு பெட்டி ஊதுவார். முப்பது வருஷம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து ‘நீ மொதல்ல விடு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வேடிக்கை போலத்தான் இருக்கும். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

நான் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருஷம், ‘உறைப்பு பட்டா வாய் எரியுது’ என்று அம்மா குழம்பில் மிளகாயைக் குறைத்தார். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று நானும் விட்டுவிட்டேன். தினமும் எத்தனை பேர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன்! பெற்ற தாயை ஒரு நாளும் ‘அம்மா, வாயைத் திற’ என்று நான் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகுதான் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்கும் அதே இடத்தில், வெள்ளைத் திட்டும் நடுவில் ஆறாத புண்ணும். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. 58 வயதில் போய்ச் சேர்ந்தார். அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வந்த அன்றுதான் அப்பா சிகரெட்டுப் பெட்டியைக் கீழே போட்டார். ‘நான் மொதல்ல விட்டிருக்கலாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையேதான் அதிகம், அதிலும் பெண்களிடையே அதிகம். காரணம் இந்த வெற்றிலை பாக்குப் புகையிலைதான். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-லேயே அறிவித்தது. பின்னர் 2004-இல், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் அப்படித்தான், வெறும் பாக்கும் அப்படித்தான் என்று அறிவித்தது. ஆகவே ‘பொயலய எடுத்துட்டு வெறும் பாக்கு மட்டும் போட்டுக்கிறேன்’ என்பது பாதி வேலைதான்.

இவற்றைக் கவனியுங்கள்: வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், உறைப்பு தாங்காத எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு உடனே போய்க் காட்டுங்கள். வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது. அதுதான் அதன் சூது. ஆரம்பத்திலேயே கண்டால் காப்பாற்ற முடியும். மாதம் ஒரு தடவை கணவனும் மனைவியும் ஒருவர் வாயை ஒருவர் டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். என் வீட்டில் இன்று அதைச் செய்கிறோம்.

காசுக் கணக்கு

சங்கம் சம்பள உயர்வுக்குப் போராடுகிறது. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு கிடைப்பது எத்தனை வெள்ளி என்பது உங்களுக்கே தெரியும். இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பெட்டி 17 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பெட்டி என்றால் மாதம் 510 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது சம்பாதிக்கும் ஒவ்வொரு பத்து வெள்ளியிலும் மூன்று வெள்ளி புகையாகப் போகிறது! மனைவியின் வெற்றிலை, பாக்கு, புகையிலைக்கு நாளுக்கு 2 வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 60. இரண்டும் சேர்ந்தால் 570. வருஷத்துக்கு 6,840 வெள்ளி. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, தீபாவளித் துணிமணி, வீட்டுக்கு ஒரு குளிர்பெட்டி, எல்லாம் இதற்குள் அடங்கும்.

‘நான் வாங்குறது மலிவு சரக்கு’ என்று சிலர் கடத்தல் சிகரெட்டு வாங்குகிறார்கள். விலைதான் மலிவு, விஷம் மலிவில்லை. சட்டப்படியும் குற்றம்.

விட முடியுமா?

‘முடியாது ஐயா, ரத்தத்தில ஊறிப்போச்சு’ என்கிறார்கள். நான் கேட்கிறேன்: தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறீர்களே, அந்த நாள்களில் சிகரெட்டைத் தொடுகிறீர்களா? மச்சம், மது, புகை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சுத்தமாக இருக்கிறீர்கள். அப்படியானால் விட முடியும் என்று உங்கள் உடம்பு ஏற்கெனவே காட்டிவிட்டது!

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிக்கோட்டின் கேட்டு உடம்பு படுத்தும் பாடு முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு மண்டலம் விரதம் இருந்தவர் அந்தக் கரையைத் தாண்டிவிட்டவர். பின் ஏன் விரதம் முடிந்ததும் மறுபடி பற்ற வைக்கிறார்? உடம்பு கேட்பதால் அல்ல. கூட்டாளி நீட்டுகிறார், வீட்டில் சாம்பல் தட்டு அதே இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் மெல்லுகிறார். பழைய இடம் பழைய பழக்கத்தைக் கூப்பிடுகிறது.

அதனால்தான் இருவரும் சேர்ந்து விட வேண்டும் என்கிறேன். இது வெறும் என் அபிப்பிராயம் அல்ல. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 3,700-க்கும் அதிகமான தம்பதிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. கணவர் தொடர்ந்து புகைத்த வீட்டில், புகைக்கும் மனைவிமாரில் 100-க்கு 8 பேரால்தான் விட முடிந்தது. கணவர் புகைக்காதவராக இருந்தால் 17 பேர். கணவரும் அதே காலத்தில் விட்டிருந்தால் 50 பேர்! அதாவது, புகைக்காத துணையைவிடக் கூடவே சேர்ந்து விடுகின்ற துணைதான் பெரிய பலம். ஏனென்றால் அந்தக் கஷ்டம் அவருக்கும் தெரியும்.

எப்படி விடுவது?

1. நாள் குறியுங்கள். இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். இருவரும் வீட்டில் இருக்கும் ஓய்வு நாளாக இருந்தால் நல்லது. நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பிள்ளைகளைப் போல் காவல்காரர் கிடையாது.

2. அதற்கு முந்திய வாரம், எப்போதெல்லாம் கை போகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். காலைத் தேநீர், சாப்பாட்டுக்குப் பின், நிரையில் ஓய்வு நேரம், கழிவறை, கோபம் வந்தால் என்று அவரவர் நேரம் தெரிந்துவிடும். அந்த நேரங்களுக்கு மாற்று வேலை ஒன்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

3. குறித்த நாளுக்கு முதல் நாள் இரவு, சிகரெட்டு, பீடி, தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் தட்டு, சுருக்குப் பை, பாக்குவெட்டி, துப்பும் சொம்பு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே எடுத்துக் குப்பையில் போடுங்கள். ‘விருந்தாளிக்கு இருக்கட்டும்’ என்று ஒன்றையும் ஒளித்து வைக்காதீர்கள். பாட்டி காலத்துப் பாக்குவெட்டி என்றால் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

4. ஆசை வரும்போது அது சில நிமிஷம்தான் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். தள்ளிப்போடுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். பத்துத் தடவை ஆழமாக மூச்சு விடுங்கள். எழுந்து ஏதாவது வேலை செய்யுங்கள். மெல்லும் பழக்கம் உள்ள தாய்மார்கள் ஏலக்காய், கிராம்பு, சோம்பு வாயில் போட்டுக்கொள்ளலாம். பாக்கு வேண்டாம்.

5. முதல் இரண்டு மூன்று வாரம் கோபம், தூக்கமின்மை, மலச்சிக்கல், தலைபாரம் வரலாம். இருமல்கூட முதலில் கூடலாம். பயப்பட வேண்டாம். சாப்பாடு ருசிக்கும், எடையும் கொஞ்சம் கூடும். பழமும் கீரையும் சாப்பிட்டு, மாலையில் இருவரும் சேர்ந்து நடந்து வாருங்கள்.

6. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவர் என்றால் உங்களுக்குப் பிடி அதிகம் என்று அர்த்தம். தனியே போராட வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. நிக்கோட்டின் மெல்லும் மிட்டாய், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை போன்ற உதவிகள் உண்டு. கர்ப்பிணிகள், இருதய நோய் உள்ளவர்கள், நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் அங்கே அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

7. மின்சுருட்டு, அதாவது வேப், சிகரெட்டுக்குப் பதில் என்று நினைக்காதீர்கள். அதிலும் பெரும்பாலும் நிக்கோட்டின்தான். வீட்டில் அப்பா வேப் ஊதினால் பதினைந்து வயது மகனுக்கு என்ன பதில் சொல்வது? 2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரெட்டும் விற்கக்கூடாது, வேப்பும் விற்கக்கூடாது.

வீட்டைக் கழுவுவோம்

2019 ஜனவரி முதல் நாட்டில் சாப்பாட்டுக் கடைகளில் புகைப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் நம் வீட்டுக்குள் அதிகாரி வந்து பார்க்கப் போவதில்லை. வீட்டுக்குச் சட்டம் போட வேண்டியவர்கள் கணவனும் மனைவியும்தான்.

புகை காற்றோடு போய்விடுகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சுவர், கூரைப் பலகை, திரைச்சீலை, மெத்தை, பிள்ளையின் பொம்மை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்றில், புகைப்பவர்கள் காலி செய்து போன வீடுகளைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்து, கழுவிச் சாயமும் பூசிய பிறகும், புதிதாகக் குடிவந்தவர்களின் வீட்டுத் தூசியில் நிக்கோட்டின் இருந்தது. தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் இதனால் அதிகத் தொல்லை. மேலும், பழைய வாடை மூக்கில் ஏறினால் விட்டவருக்கு மறுபடியும் ஆசை வரும். ஆகவே வீடு கழுவுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

பொங்கலுக்கு முன் செய்வதுபோல் செய்யுங்கள். ஆனால் விட்ட பிறகு செய்யுங்கள். ஊதிக்கொண்டே கழுவினால் பயனில்லை.

துணி: திரைச்சீலை, தலையணை உறை, போர்வை, சட்டைகள் எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் காய வையுங்கள். மெத்தையிலும் நாற்காலி மெத்தையிலும் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டி, வெயிலில் போடுங்கள். வாடை குறையும்.

சுவர்: சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். துணியில் மஞ்சளாக ஒட்டுவதைப் பார்த்தால் நெஞ்சுக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அடிச்சாயம் ஒரு தடவை, மேல்சாயம் இரண்டு தடவை பூசுங்கள். கழுவாமல் பூசினால் மஞ்சள் கறை மேலே ஊறி வந்துவிடும்.

மறந்துபோகும் இடங்கள்: மின்விசிறி இலை, விளக்கு, சன்னல் சட்டம், கதவுக்குப் பின்புறம், தொலைக்காட்சிப் பெட்டி, சாமிப் படங்களின் கண்ணாடி. வெற்றிலை துப்பிய கறை உள்ள வாசல் படியும் சாக்கடை ஓரமும் தேய்த்துக் கழுவ வேண்டும். கறை இருக்கும் இடத்தில்தான் மறுபடி துப்பத் தோன்றும்.

காற்று: காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து விடுங்கள். வாசனைத் தெளிப்பான் புகையை எடுக்காது, மூக்கை ஏமாற்றும், அவ்வளவுதான். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் புகைதான். இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அவற்றையும் குறைத்து, கொசுவலை கட்டுங்கள்.

எச்சரிக்கை: குளோரோக்ஸ் என்று நாம் சொல்லும் வெளுப்புத் திரவத்தோடு காடியையோ வேறு கழுவும் மருந்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

ஒரு தடவை கழுவியதோடு நிறுத்தாமல், மூன்று நான்கு மாதத்துக்கு வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். அதன் பிறகு ‘இது புகையில்லாத வீடு’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். விருந்தாளி பற்ற வைத்தால், ‘அண்ணே, புள்ளைக்கு இழுப்பு, வெளிய போய்க்கலாமா’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சறுக்கினால்?

கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ ‘ஒண்ணே ஒண்ணு’ என்று ஒரு நாள் கை போகலாம். அதனால் எல்லாம் கெட்டுப்போகவில்லை. மறுநாளே மறுபடி நிறுத்துங்கள். பலர் பல தடவை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். அப்போது வீட்டில் இருப்பவர் ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று குத்திக்காட்டக் கூடாது. ‘பரவால்ல, நாளைலேருந்து ரெண்டு பேரும் பாத்துக்கலாம்’ என்று சொல்லுங்கள். மருந்து கொடுக்கும் நான் சொல்கிறேன், இந்த ஒரு வார்த்தைக்கு ஈடான மருந்து என் அலமாரியில் இல்லை.

நான் ஆரம்பத்தில் சொன்ன தம்பதிக்கு வருவோம். இருவரும் ஒரே நாளில் விட்டார்கள். முதல் வாரம் வீட்டில் தினமும் சண்டை. இரண்டாம் மாதம் கணவர் ஒரு கல்யாணத்தில் சறுக்கினார், மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே வந்து என்னிடம் சொன்னார். அந்த அம்மா இன்னும் சில நாள் கிராம்பை மென்றுகொண்டுதான் பால்வாடிக்குப் பிள்ளையை விட வருகிறார். பையனுக்கு இழுப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான் தூக்கி வந்தார்கள். அன்று இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லவில்லை. பையனின் சட்டையை மோந்து பார்த்தேன். சவர்க்கார வாசம்தான் இருந்தது.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நம் வீட்டில் மாதம் எத்தனை வெள்ளி புகையாகவும் எச்சிலாகவும் போகிறது?

2. ‘நீ மொதல்ல விடு’ என்று நாம் கடைசியாகச் சொன்னது எப்போது? அதனால் யாராவது விட்டோமா?

3. நாம் கடைசியாக ஒருவர் வாயை ஒருவர் எப்போது பார்த்தோம்?

4. எந்த நாளில் விடப்போகிறோம்?

நான்காவது கேள்விக்கு விடையை வாயால் சொன்னால் போதாது. இன்றே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்தகத்துக்கு வாருங்கள். இருவருமாக வாருங்கள்.

நலமே பெறுவோம்.